சுவரில் இருந்த காந்தாரம்

1987-ல் ஒரு சனிக்கிழமை அந்த உறை வந்தது. கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் அப்போது தனியாகக் குடியிருந்தேன். நியூயார்க் முத்திரை. உள்ளே ஒரு கேசட். ஜெராக்ஸ் எடுத்துக் கத்தரியால் வெட்டி மடித்த அட்டை. டைப்ரைட்டரில் அடித்த ஒரு பட்டியல், அதுவும் ஜெராக்ஸ்தான். பட்டியலின் தலையில் ‘சவுண்ட் ஆஃப் பிக்’ என்று போட்டிருந்தது. பன்றியின் சத்தம். இசை வெளியிடுகிற ஒரு இடத்துக்கு இப்படியும் பெயர் வைப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கேசட்டைப் போட்டேன். முதலில் டேப்பின் இரைச்சல் வந்தது. பிறகு தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுவதுபோல ஒரு முனகல். அதன்மேல் இன்னொரு முனகல் மெல்ல ஏறியது. பாட்டு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கம் முடிந்து பட்டன் டக்கென்று எழும்பியபோதுதான், வரவேண்டியது வந்து போய்விட்டது என்று உறைத்தது. உடனே திருப்பிப் போட்டு முதலிலிருந்து கேட்டேன்.

எனக்கு 26 வயது. மாயவரத்துப் பையன். சென்னையில் இன்ஜினியரிங், அமெரிக்காவில் எம்.எஸ்., பிறகு ஹார்ட் டிஸ்க் செய்கிற ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. காந்தப் பதிவுக்கு அந்தப் பள்ளத்தாக்கு தாய்வீடு. 1956-ல் ஐபிஎம் தன் முதல் டிஸ்க் இயந்திரமான ராமாக்கை உருவாக்கியது பக்கத்து சான் ஹோசேயில்தான். 24 அங்குலத் தட்டுகள் 50 அடுக்கி, மொத்தம் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தார்கள். நான் சேர்ந்த காலத்தில் தட்டு சாசர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மேலே பூசுவது மட்டும் அதே பழுப்பு நிற இரும்பு ஆக்சைடு, துருவுக்கு நெருங்கிய சொந்தம். கேசட் டேப்பிலும் அதே பூச்சுதான்.

இரைச்சலை அளப்பதுதான் என் வேலை. அந்தப் பூச்சில் இருப்பவை ஊசி ஊசியான துகள்கள். ஒன்றொன்றும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, ஒன்றொன்றும் ஒரு குட்டிக் காந்தம். எதையும் பதியாத வெற்று டேப்பிலும் அவை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அந்தக் கூட்டம் ஹெட்டைக் கடக்கும்போது காதில் விழுவதுதான் ‘ஸ்ஸ்’ என்ற ஒலி. அதைக் குறைப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். காலையில் எட்டு மணிக்குத் திரையில் பச்சைக் கோடாக அதைப் பார்க்க உட்கார்ந்தால் மாலை ஐந்துக்கு எழுந்திருப்பேன். இரைச்சல் என்றால் வேண்டாதது. அதைத் தாண்டி அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணமே இருந்ததில்லை.

அந்த நினைப்பைக் கலைத்தது வானொலி. அமெரிக்காவில் எஃப்.எம். வரிசையின் இடது ஓரம், 88-லிருந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரை, விளம்பரம் போடாத நிலையங்களுக்கென்று ஒதுக்கிய இடம். பக்கத்து ஊரான குப்பர்டினோவின் கேகேயுபி நிலையம் 91.5-ல் வரும். நடத்துபவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதில் டான் காம்போ என்பவர் 1985-லிருந்து ‘நோ பீஜன்ஹோல்ஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்து தாங்களே டேப்பில் பதிந்து தபாலில் அனுப்புகிறவர்களின் இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சி. ஓர் இரவு, காரில் ஸ்டேஷன் மாற்றிக்கொண்டு வந்தபோது அதில் போய் விழுந்தேன். என் ஆய்வுக்கூடத்தில் நான் தினமும் துரத்துகிற சத்தம், அச்சு அசலாக அதே சத்தம், ஸ்பீக்கரில் வந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டும் இறங்காமல் கேட்டேன்.

அடுத்து அந்த உலகத்துப் பத்திரிகைகளைத் தேடினேன். வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் ஜான் ஃபாஸ்டர் நடத்திய ‘ஓபி’தான் முன்னோடி. ஆங்கில அகரவரிசையில் எழுத்துக்கு ஒரு இதழ் என்று 1979-லிருந்து 1984 வரை 26 இதழ்கள் கொண்டுவந்து, எழுத்துகள் தீர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்கு ‘ஆப்ஷன்’, ‘சவுண்ட் சாய்ஸ்’ என்று இரண்டு பத்திரிகைகள் வந்தன. பாலோ ஆல்டோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டு கிடைத்தது. ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் கேசட் அனுப்புகிறவரின் தபால் முகவரி அச்சடித்திருக்கும். நாலைந்து டாலர் நோட்டைக் கடிதத்துக்குள் மடித்து வைத்து அனுப்பினால் பத்துப் பதினைந்து நாளில் கேசட் வந்துவிடும். முன்பின் தெரியாதவருக்குத் தபாலில் ரொக்கம். ஒருமுறைகூட நான் ஏமாந்ததில்லை.

சவுண்ட் ஆஃப் பிக்கை நடத்தியவர் ஒரே ஆள். அல் மார்கோலிஸ் என்று பெயர். 1984 புத்தாண்டு அன்று ‘இஃப், ப்வானா’ என்ற பெயரில் தன் சொந்த இசையைத் தொடங்கினார். அதே வருடம் லேபிளும் பிறந்தது. 1990-ல் நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கேசட்டுகள் வெளியிட்டுவிட்டார். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்று. யாருடைய கேசட்டுகள் என்று பார்த்தால் உலகப் படத்தை விரித்து வைத்ததுபோல இருக்கும். டோக்கியோவில் மெர்ஸ்போ என்ற பெயரில் இயங்கிய மசாமி அகிதா, பிரான்சில் கோஸ்த், அமெரிக்காவிலேயே ஏமி டெனியோ, காது கொடுத்தால் மட்டுமே கேட்கிற மெல்லிய ஒலிகளைச் செய்த ஜான் ஹூடக், சிகாகோவில் அப்போது இருபது வயதுப் பையனாக இருந்த ஜிம் ஓ’ரூர்க். ஓ’ரூர்க் பிற்பாடு சோனிக் யூத் குழுவில் சேர்ந்து பெரிய பெயர் எடுத்தார். என் மேஜைக்கு வந்தபோது அவரும் மற்றவர்களைப் போலப் பட்டியலில் டைப் அடித்த ஒரு பெயர், அவ்வளவுதான்.

எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்லமாட்டேன். என்னிடம் சேர்ந்த நாற்பது சொச்சத்தில் பாதியை இரண்டாம் முறை போட்டதில்லை. ஒருவர் புது சிந்தசைசரை வாங்கி அதன் எல்லாப் பட்டனையும் வரிசையாக அமுக்கிப் பார்த்ததுபோல இருக்கும். இன்னொருவர் அறுபது நிமிடமும் கத்துவார். ஆனால் கதவில் நின்று ‘நீ வா, நீ போ’ என்று யாரும் சொல்லாத இடத்தில்தான், வேறெங்கும் பிறக்க வழியில்லாத ஒன்றும் பிறக்கும். அந்த இன்னொரு பாதியை இன்றும் கேட்கிறேன்.

இந்த லேபிள்களில் என்னை இழுத்தது, கேசட் தயாராகும் விதம். தொழிற்சாலை கிடையாது. வீட்டில் இரண்டு டெக்குகள். கேட்டுக் கடிதம் வந்தால் ஒரு பிரதி. அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு மணி நேரம் அது ஓடியாகவேண்டும். மாயவரத்தில் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், கடைக்காரர் எல்.பி. தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து வைப்பார். பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் வீணாக்கமாட்டார். ஒரு கிடார் இசையோ வீணைத் துண்டோ போட்டு நிரப்பியிருப்பார். பணம் கொடுத்தது பட்டியலில் இருந்த பாட்டுகளுக்கு. வீட்டில் நாங்கள் காத்திருந்து கேட்டது கடைசி இரண்டு நிமிடத்தை. நியூயார்க்கிலிருந்து வந்த கேசட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வரும். இதை ஒருவர் உட்கார்ந்து ஓடவிட்டிருக்கிறார்.

பணத்தைவிட அங்கே மாற்றுதான் வழக்கம். உன் கேசட் ஒன்று அனுப்பு, என் கேசட் ஒன்று தருகிறேன். ஓஹையோவில் ஒருவர், பெயர் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்தில் இரவுக் காவலாளி. காலியான வகுப்பறைகளில் குழாய் விளக்குகள் பாடுவதைப் பதிந்து அனுப்புவார். நான் பதிலுக்கு வெற்றுக் கேசட்டும் தபால்தலையும் அனுப்புவேன். நாலாவது முறை அவர் எழுதினார்: ‘உங்களுக்கென்று ஒரு டேப்கூடவா கிடையாது?’

டேப் இருந்தது. அம்மாவின் டேப்புகள் இருந்தன. அவை இசை என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் இது சகஜம். போன் பேசவேண்டுமானால் டிரங்க் கால் பதிவுசெய்து நாளெல்லாம் காத்திருக்கவேண்டும். அதனால் கேசட்டில் பேசி, அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் வீட்டில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் இருந்தது. பேசுவது அம்மா மட்டும். அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். ரைஸ் மில்லில் கணக்கெழுதியவர். வீட்டிலும் தேவைக்கு மேல் பேசிப் பார்த்ததில்லை. பட்டனை அமுக்குவது அவர் பொறுப்பு. ஒவ்வொரு டேப்பும் ஒரே மாதிரிதான் தொடங்கும். கடக் என்று பட்டன் சத்தம். பிறகு ஏழெட்டு விநாடி ஒன்றும் இருக்காது. பிறகு அம்மா குரல்: ‘ஏங்க, ஓடுதா?’ அப்பா தலையாட்டியிருப்பார். ‘சரி. தம்பி, அம்மா பேசுறேன்…’

அந்த ஏழெட்டு விநாடியை நான் எப்போதும் ஓட்டிவிட்டுத்தான் கேட்பேன்.

1989 அக்டோபர் 17. சாயங்காலம் 5 மணி 4 நிமிடம். ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். தரை பதினைந்து விநாடி ஆடியது. லோமா பிரியேட்டா மலைப் பக்கத்திலிருந்து கிளம்பிய பூகம்பம், அளவு 6.9. சான் பிரான்சிஸ்கோ பக்கம் பாலமும் அடுக்குச் சாலையும் இடிந்து, மொத்தம் 63 பேர் இறந்துபோனார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அணைந்துபோன சிக்னல்களைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தெரு முழுக்க மின்சாரம் இல்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தால் கேசட் அலமாரி குப்புறக் கிடந்தது. நூறு கேசட்டாவது இருக்கும், பெட்டி தனி, கேசட் தனி.

நியூயார்க்கிலிருந்தும் ஓஹையோவிலிருந்தும் வந்தவற்றில் பெரும்பாலும் அட்டையில்தான் பெயர் இருக்கும். கேசட்டின் மேலே ஒன்றும் எழுதியிருக்காது. அப்பாவும் தேதியை அட்டையில்தான் எழுதுவார். இரண்டு பக்கத்தாரும் வாங்கியது ஒரே சரக்கு, டிடிகே டி60. எது அம்மா, எது ஓஹையோ என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

தூங்கவும் முடியாது. அரை மணிக்கொரு தரம் தரை மறுபடி நடுங்கிக்கொண்டிருந்தது. வாக்மேனில் பேட்டரி இருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, டார்ச்சைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுப் பத்து விநாடி கேட்டுப் பிரித்து வைக்க ஆரம்பித்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ போட்டபோது ஒரு முனகல் எழுந்தது. கனமான, தாழ்ந்த முனகல். நடுவில் ஒரு தகரம் அதிர்வதுபோல ஏதோ. எங்கோ ஒரு காகம். நல்ல டேப், யாருடையது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ‘ஏங்க, ஓடுதா?’ என்றாள் அம்மா.

அந்த ஏழெட்டு விநாடியை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன். பின்னோக்கிச் சுற்றி மறுபடி கேட்டேன். மூன்று வருடமாக அந்நியர்களின் டேப்புகளில் இதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எல்லாம் எளிதாகிவிட்டது. குரல் வருகிறவரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், முனகல் வந்தவுடன் எந்தக் குவியல் என்று தெரிந்துவிடும். அமெரிக்க டேப்புகளின் முனகல் ஒரு சுருதி. அம்மாவின் டேப்புகளுடையது அதற்குக் கீழே வேறொரு சுருதி.

சிறுவயதில் அக்கா பாட்டுக் கற்றுக்கொண்டபோது சுருதிப்பெட்டி போடுவது நான். நாலு வருடம் அந்தத் துருத்தியை அமுக்கியிருக்கிறேன். பாட வராவிட்டாலும் ‘ஸ’ எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியும். அந்த இருட்டில் அம்மாவின் முனகல் ‘ஸ’ என்று எனக்குள் வந்து உட்கார்ந்தது.

பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் மின்சாரம் வந்தது. ஹெட்போன் ஒரு காதில் மட்டும் இருந்தது. பின்னால் ஃபிரிட்ஜ் ஒரு உதறல் உதறிவிட்டு முனக ஆரம்பித்தது. இடது காதில் மாயவரம், வலது காதில் சன்னிவேல். ‘ஸ’வுக்கு மேலே அது வந்து நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். சாதாரண காந்தாரம்.

காலையில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எழுதவேண்டிய அவசியமே இல்லை. இன்ஜினியரிங் முதல் வருடப் பாடம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அமெரிக்க மின்சாரம் 60 சுற்று. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை விம்மிச் சுருங்குவதால் நாம் கேட்பது 100-ம் 120-ம். எப்படி வகுத்தாலும் ஆறுக்கு ஐந்து. சாதாரண காந்தாரத்துக்கும் ஸட்ஜத்துக்கும் உள்ள விகிதமும் ஆறுக்கு ஐந்துதான். மூன்று வருடம் அம்மாவின் டேப்பை நான் டெக்கில் போட்டபோதெல்லாம் டேப்பிலிருந்து ‘ஸ’வும் சுவரிலிருந்து காந்தாரமும் சேர்ந்தே ஒலித்திருக்கின்றன. சுவர் வாயை மூடிக்கொண்ட ஒரு ராத்திரி வேண்டியிருந்தது எனக்கு.

இதில் நான் முதல் ஆள் இல்லை. லா மான்ட் யங் என்ற அமெரிக்க இசைக்காரர் 1960-களிலேயே தன் நீண்ட ரீங்காரங்களை மின்கம்பியின் 60 ஹெர்ட்ஸோடு சுருதி சேர்த்திருந்தார். ஐடஹோ மாநிலத்துக் கிராமத்தில் சிறுபிள்ளையாக மின்கம்பங்கள் முனகுவதைக் கேட்டு வளர்ந்தவர். 1970-ல் பண்டிட் பிரான் நாத்தை அமெரிக்காவுக்கு வரவழைத்து, அவரிடம் சீடராக இருந்து கற்றார். நியூயார்க்கில் ‘டெல்லஸ்’ என்று ஒரு கேசட் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. இதழே கேசட்தான். அதன் 14-வது இதழ், 1986-ல், முழுக்க இயற்கை விகிதங்களில் சுருதி சேர்த்த இசைக்கென்றே வந்தது. அது என்னிடம் முன்பே இருந்தது. கெட்டிக்காரத்தனமான கணக்கு என்று நினைத்து மூடி வைத்திருந்தேன். அந்த வாரம் எடுத்துப் போட்டபோது அதில் இருந்தவர்களெல்லாம் எனக்கு அக்காவின் பாட்டு வகுப்பில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்போலத் தெரிந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் டேப்புகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் விட்டேன். பெரும்பாலும் 100-ஐ ஒட்டியே வந்தன. சில டேப்புகள் மட்டும் 96 பக்கம் இறங்கின. அட்டையைப் பார்த்தால் அப்பா ‘மாலை 7 மணி’ என்று எழுதியிருக்கிறார். தென்னிந்திய மின்தொகுப்பு அந்தக் காலத்தில் பாரம் தாங்காமல் இப்படித்தான் இறங்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் ஊரே ஸ்விட்சைப் போட, ஜெனரேட்டர்கள் மூச்சு வாங்கி, 50 என்பது 48-க்குப் போய்விடும். டேப்ரெக்கார்டர் மோட்டாரும் சரியான வேகத்தில்தான் ஓடியிருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் 48-க்கும் 60-க்கும் உள்ள விகிதம் நாலுக்கு ஐந்து. அது அந்தர காந்தாரம். காலையில் பேசிய டேப்புக்கு ஒரு காந்தாரம், விளக்கு வைத்த பிறகு பேசிய டேப்புக்கு வேறொரு காந்தாரம். அந்தக் கருவியின் முன் இத்தனை வருடம் உட்கார்ந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

ஓஹையோக்காரருக்கு அனுப்ப என்னிடம் இப்போது ஒரு டேப் இருந்தது. செய்யவேண்டும்.

அம்மாவின் டேப்பை வெட்டக்கூடாது. முதலில் அந்த விநாடிகளை வேறு கேசட்டுக்குப் பிரதி எடுத்தேன். ஐந்து திருகாணி போட்ட ஒரு கேசட்டைத் திறந்தேன். ஒட்டி வைத்த கூடு ஆகாது, திருகாணி வைத்ததுதான் வேண்டும். உள்ளே இரண்டு சக்கரம், மூலைக்கு ஒரு சிறு உருளை, வழுக்குவதற்கு இரண்டு மெழுகுத் தாள், நடுவில் செம்புத் தகட்டில் ஒட்டிய பட்டாணித் தோல் அளவு கம்பளி. அந்தக் கம்பளிதான் டேப்பை ஹெட்டோடு அமுக்குவது. தொலைத்தால் சத்தம் மங்கிவிடும். சுற்றியிருந்த டேப்பையெல்லாம் எடுத்துவிட்டு, நான் பதிந்த துண்டிலிருந்து 24 சென்டிமீட்டர் வெட்டினேன். ஐந்து விநாடிக்கு அவ்வளவுதான். முனைகளைச் சாய்வாக வெட்டவேண்டும். நேராக வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் டிக்கென்று கேட்கும். இரண்டு முனையையும் சேர்த்து முதுகுப் பக்கம் ஒட்டினேன். டேப்பின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. விரல்ரேகை படக்கூடாது, வளையம் முறுக்கக்கூடாது. மூன்று முறை சிக்கிக்கொண்டது. நாலாவது முறை கூட்டை மூடித் திருகாணியை முடுக்கி, டெக்கில் போட்டேன்.

முனகல். தகர அதிர்வு. காகம். முனகல். தகர அதிர்வு. காகம். ஐந்து விநாடிக்கொரு தரம் எங்கள் வீட்டுக் கூடம். அதை அப்படியே ஒரு டிடிகே டி60-ல் இரண்டு பக்கமும் நிரப்பினேன். பக்கத்துக்கு அரை மணி. அட்டைக்கு அம்மாவின் உறையில் இருந்த இந்தியத் தபால்தலையை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினேன். பெயர் வைக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒரு பக்கம்தான். காவல் வேலை முடிந்து காலையில் கேட்டாராம். முதல் ஐந்து நிமிடம் காகம் தொந்தரவு செய்தது. பிறகு காகம் காணாமல் போய்விட்டது. பதினோராவது நிமிடத்தில் முனகலுக்கு அடியில் யாரோ மூச்சு விடுவது கேட்க ஆரம்பித்தது. உள்ளே இழுக்கும்போது ஒரு சிறு விசில். அதன் பிறகு வேறு எதையும் கேட்க முடியவில்லை. யார் அது என்று கேட்டிருந்தார்.

விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். இருந்தது. அந்த வளையத்தை நானே வெட்டி, ஒட்டி, எத்தனையோ முறை ஓடவிட்டவன். என் காதில் விழாதது மாயவரத்தைப் படத்தில்கூடப் பார்த்திராத ஒருவர் காதில் விழுந்திருந்தது. எங்கள் அம்மா, பேச்சைத் தொடங்கும் முன் மூச்சை இழுத்து விடுகிறாள் என்று பதில் எழுதினேன்.

1990 பிப்ரவரியில் அப்பா இறந்துபோனார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதே வருடம் சவுண்ட் ஆஃப் பிக்கும் நின்றது. மார்கோலிஸ் அதற்கு முன்பே, 1988-ல், போகஸ் என்ற இன்னொரு லேபிளில் இறங்கியிருந்தார். கேசட்டை விட்டுவிட்டு இசைத்தட்டுக்குப் போகிற காலம் அது. பட்டியல் வருவது நின்றபோது, தெருவில் தினமும் பார்க்கிற கடைக்குப் பூட்டுப் போட்டதுபோல இருந்தது. ஓஹையோக்காரரும் நானும் இன்னும் சில வருடம் எழுதிக்கொண்டிருந்தோம்.

மறுவருடம் ஊருக்குப் போனபோது அந்தக் கேசட்டின் பிரதி ஒன்றை எடுத்துப்போனேன். அம்மாவிடம் கொடுப்பதற்கு என்று தீர்மானித்து எடுக்கவில்லை, பையில் இருந்தது. ஒரு மத்தியானம், சாப்பாடு ஆன பிறகு, ‘நீ எனக்கு அனுப்பின டேப்லேர்ந்து ஒண்ணு பண்ணியிருக்கேம்மா’ என்று சொல்லி பானசோனிக்கில் போட்டேன். அம்மா தூணில் சாய்ந்துகொண்டு காலை நீட்டி உட்கார்ந்தாள். பாட்டு எப்போது வரும் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ‘அந்த ஃபேன் எறக்கையைச் சரிபண்ணச் சொல்லி நாலு வருஷம் சொன்னேன்’ என்றாள். தகரம் அதிர்வதுபோல நான் கேட்டுக்கொண்டிருந்தது ஃபேன்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. அம்மா காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

‘இது உங்கப்பா.’

‘எதும்மா?’

‘மூச்சு. மில்லு தூசி. ராத்திரியெல்லாம் இப்படித்தான் விசிலடிக்கும். பட்டனை அமுக்கிட்டு, ஓடுதான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே இருப்பாரு. நான் பேச ஆரம்பிச்சப்புறந்தான் நிமிருவாரு.’

அதன் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஐந்து விநாடிக்கொரு தரம் அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் முடிந்து பட்டன் எழும்பியது.

‘அந்தப் பக்கமும் இதேதானா?’ என்றாள் அம்மா.

‘ஆமாம்மா.’

‘திருப்பிப் போடு.’